கடைசியாக வந்த எண்

அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்த அரை மணி நேரத்தில் ஆறு முறை எழுந்துவிட்டேன். இருப்புக்கொள்ளவில்லை. காரணம், ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டில் இருந்த அந்தத் திரை. ரத்தத்தில் ஆக்சிஜன் 97 என்று காட்டியது. நான் வந்ததிலிருந்து அதே 97தான். உயிருள்ள மனுஷனுக்கு அது ஒன்றிரண்டு ஏறும், இறங்கும்.

அந்தத் திரைக்குப் புரோகிராம் எழுதியவளே நான்தான்.

விரலில் மாட்டும் கிளிப்பிலிருந்து அளவு வராவிட்டால் முன்பெல்லாம் புரோகிராம் அப்படியே நின்றுவிடும். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இயக்கிக் காட்டிய டெமோவிலேயே இரண்டு முறை மானத்தை வாங்கியது. மூன்றாவது டெமோவுக்கு முன்னால் நாலு வரி சேர்த்தேன்: பிழை வந்தால் பிடித்துக்கொள், யாரிடமும் சொல்லாதே, கடைசியாக வந்த எண்ணையே காட்டு. ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர் அப்போதே சொன்னார்: "தெரியலைன்னா தெரியலைன்னு காட்டும்மா. எண்ணுக்குப் பதிலா ரெண்டு கோடு போடு, மணி அடிக்கட்டும்."

"டெமோ முடியட்டும் சார், மாத்திடறேன்," என்றேன். முடிந்து எட்டு மாதம் ஆகிறது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நர்ஸைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "97 நல்லாத்தானேக்கா இருக்கு? அப்பா தூங்கறாரு. நீங்க கொஞ்சம் உக்காருங்க," என்றாள்.

விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. அப்பாவின் விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றி என் பேனாவில் மாட்டினேன். பேனாவுக்கும் 97.

நர்ஸ் ஓடிப்போய்க் கையடக்க மீட்டரை எடுத்துவந்து அப்பாவின் விரலில் வைத்தாள். 83. அவர் உதடு நீலம் பாரித்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அதுவரை திரையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன், பாவி. டாக்டர் வந்தார், மாஸ்க் வைத்தார்கள். 88, 91, 94. அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

"நல்ல வேளை, கவனிச்சீங்க," என்றாள் நர்ஸ். "இந்தக் கண்றாவிய எழுதினவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

சும்மா இருந்திருக்கலாம். பிழையை விழுங்குவது எனக்குக் கைவந்த கலைதானே. ஆனால் அந்த வார்டில் இன்னும் பதினொரு கட்டில்கள். பதினொன்றிலும் என் திரை.

"நான்தான் சிஸ்டர் எழுதினேன்," என்றேன். "அந்த மீட்டரைக் குடுங்க. மத்தவங்களையும் பார்க்கணும்."

அவள் என்னை முறைத்தாள். ஆனால் கொடுத்தாள்.

அடுத்த கட்டிலில் ஒரு வயதான அம்மா கண்மூடிக் கிடந்தார். பக்கத்தில் இருந்த மகன் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"அம்மாவுக்கு இப்ப பரவாயில்லைங்க. காலையிலேருந்து தொண்ணூத்தெட்டுலயே இருக்கு."