செத்த கையின் பிடி

வாதம் அடித்து இரண்டு மாதமாகியும் நான் சாகவில்லையே என்பதுதான் டிஸ்பென்சர் ஐயாவுக்கு என் மேல் கோபம் என்று நினைக்கிறேன். என் பேர் தனலெட்சுமி. பதுளைக்கு இன்னும் ரயில் வராத காலம். தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோதே வலது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஐயா ஜன்னல் வழியாக நீட்டிய கசப்பு மருந்தை ஒரு வேளை தவறாமல் குடித்தேன்.

என் புருஷன் முருகையா அதோடு நிற்கவில்லை. பதுளைக் கடைவீதிக்கு நடந்தே போய், அங்கே நாட்டு வைத்தியம் பார்க்கும் மர்ஸூக் நானா ஓதி ஊதிக் கொடுத்த எண்ணெயை வாங்கிவந்தார். விடியுமுன் அதைச் சூடு காட்டி, எனக்கு மாரியம்மன் திருநீறு பூசிவிட்டு, தோளிலிருந்து விரல்வரை தேய்ப்பார். ஒவ்வொரு விரலாக மடக்கி நிமிர்த்துவார். நாங்கள் குடியிருந்த லயமே, அந்த வரிசை வீடுகள் முழுக்க, நாறும். நாறட்டுமே. நான் காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தது எந்த மருந்தால் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

டிஸ்பென்சருக்கு அந்த வாடை ஆகவில்லை. எண்ணெயை விடாவிட்டால் வேலைக்கு லாயக்கில்லை என்று துரைக்கு எழுதிவிடுவதாகச் சொல்லியனுப்பினார். எழுதினால் வேலைப் பதிவிலிருந்து என் பேரை வெட்டுவார்கள். கண் மங்கியதென்று முருகையாவின் பேரைப் போன வருஷமே வெட்டியாயிற்று. என் பேரும் போனால் வேலைக்காகத் தோட்டம் தந்த லயத்துக் காம்பராவைக் காலிசெய்துவிட்டு இரண்டு பேரும் தெருவில் நிற்கவேண்டியதுதான்.

"இன்னைக்கு ஒரு நாளு கையைச் சீயக்கா போட்டுக் கழுவிட்டுப் போயேன் புள்ள," என்றார் முருகையா.

"முடியாது. நீங்க தேச்சு விடுங்க."

வாதம் அடித்தபின் முதல் முறையாக, காலைப் பெரட்டில், வேலை பிரிக்கிற வரிசையில், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு போய் நின்றேன். ஐயா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"உந்த எண்ணெய்க் கை பட்டால் கொழுந்திலை வாடை ஏறும். பிறகு தேயிலை முழுக்கப் பழுது," என்றார்.

அது உண்மைதான். தேயிலை எந்த வாடையையும் பிடித்துக்கொள்ளும். எங்களுக்கா அது தெரியாது?

"இடது கையாலதாங்க எடுப்பேன். இதைத் துணியில சுத்தி இடுப்போட கட்டிக்கிறேன்."

"அது செத்த கை. எண்ணெயிலை ஊறப்போட்டால் உயிர் வருமோ?"

எனக்கு வந்ததே ஆத்திரம். "ரெண்டு மாசமா போத்தலை நீட்டுனீங்களே, ஒரு நாளாச்சும் இந்தக் கையைத் தொட்டுப் பாத்தீங்களா? தொடுங்க. தொட்டுட்டு எழுதுங்க."

"ஏய், வாய மூடு," என்றார் கங்காணி ரெங்கசாமி.

"கோணுனதுலருந்து அது மூட மாட்டேங்குதுங்க," என்றேன். வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

வேறு வழியில்லாமல் ஐயா இரண்டு விரலை என் உள்ளங்கையில் வைத்தார். முருகையாவும் தினமும் அப்படித்தான் வைப்பார். என் விரல்கள் மெள்ள மடங்கின. பிடித்துக்கொண்டன. அவர் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. எண்ணெய் அவர் சட்டைக் கையிலும் பட்டது.

"விடு," என்றார்.

"பேர் போடச் சொல்லுங்க."

கங்காணியைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். "போடும்," என்றார் வேண்டாவெறுப்பாக.

கங்காணி என் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டார். அதன் பிறகுதான் இடது கையால் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஐயாவை விடுவித்தேன். மடங்கிய விரல்கள் இன்னும் தானாகத் திறப்பதில்லை. அதை அந்த மனுஷனிடம் நான் ஏன் சொல்லவேண்டும்?