கையடங்கும் ஆப்பிளுக்கு ஒரு டெண்டர்

1

இந்தக் கதை ஓர் அறிவிப்பிலிருந்து பிறந்தது. ஒளிப்பானேன், அறிவிப்பை எழுதியவளும் நான்தான். ‘எங்கள் பள்ளி மாவட்டத்துக்குப் பொருள் விற்பது எப்படி’ என்று தலைப்பு. மொத்தம் பதினோரு குறிப்புகள். மிச்சிகனில் ஒரு சின்ன ஊர், ஊருக்குள் ஒன்பது அரசுப் பள்ளிகள். அந்த ஒன்பதுக்கும் பென்சிலிலிருந்து சாப்பாட்டுத் தட்டு வரை வாங்கிப்போடும் அலுவலகத்தில் பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டினேன். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், அந்தப் பதினோரு குறிப்பையும் கடைசிவரை படித்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. யாரும் படிக்கவில்லை. கதை என்றால் படிப்பீர்கள் என்று ஒரு நம்பிக்கை. எனக்கு இந்த மாதிரி நம்பிக்கைகளுக்குக் குறைச்சலே கிடையாது.

முதல் வரியை மூன்று தடவை எழுதினேன்.

‘மாலை வெயிலில் ஆப்பிள் மரங்கள் பொன்னாக’ — வேண்டாம். தோட்டம் என்றதும் எல்லாரும் வெயிலைத்தான் போடுகிறார்கள்.

‘டெண்டர் என்பது யாதெனில்’ — இதைத்தான் பத்தொன்பது வருஷம் எழுதினேனே.

‘ஆர்டிஸ் டைக்ஸ்ட்ரா அட்டைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அலுவலகக் கதவைக் காலால் தள்ளினாள்.’ இது சரி. இவளோடு போகலாம்.

2

ஆர்டிஸ் டைக்ஸ்ட்ரா அட்டைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அலுவலகக் கதவைக் காலால் தள்ளினாள். ஐம்பத்தெட்டு வயது. மூன்று தலைமுறையாக ஆப்பிள். பள்ளிச் சாப்பாட்டுக்கு ஆப்பிள் வாங்கும் டெண்டரில் அவள் விலை எழுதிப் போட்ட உறை அந்த வருஷம் தள்ளுபடி ஆகியிருந்தது. மாதிரிக்குக் கொடுத்த பழங்களைத் திருப்பி எடுத்துப் போகச் சொல்லியிருந்தார்கள். எடுத்துப் போக வந்தவள் எடுக்காமல், பெட்டியை மேஜைமேல் தொப்பென்று வைத்தாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் கொள்முதல் அதிகாரி. அவளுக்குக் கார்லா என்று பெயர் வைக்கிறேன்.*

“ஏம்மா கார்லா, என் பழத்துல என்ன குறை? சொல்லு பாப்போம்.”

“குறையே இல்லைங்க. பெருசா இருக்கு.”

“பெருசா இருக்கா? உனக்கு மண்டையில ஏதாவது ஆச்சா? பெருசா விளைய வைக்கத்தானே எங்க தாத்தா காலத்துலேருந்து உயிரை விட்டுட்டிருக்கோம்!”

“ஆறு வயசுப் பிள்ளை கைக்குள்ள அடங்கணும் ஆர்டிஸ். இவ்ளோ பெருச குடுத்தா ரெண்டு கடி கடிச்சுட்டு மிச்சத்தைத் தொட்டியில போட்டுரும். பெட்டிக்கு நூத்தி முப்பத்தெட்டு பழம் வரணும்னு டெண்டர் பேப்பர்ல பதினாலாம் பக்கத்துல போட்டிருக்கு. உங்க பெட்டி எழுபத்திரண்டுலயே ரொம்பிருச்சு.”

“ஆப்பிள் எப்படி இருக்கணும்னு நான் பேப்பரைப் பாத்துத் தெரிஞ்சுக்கணுமாக்கும்!”

சொல்லிவிட்டாளே தவிர அவளுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. சின்னப் பழம் அவளிடம் மலையாகக் கிடந்தது. பின்பக்கத்து வயலில் நானூறு பழைய மரங்கள். காய்ப்பதெல்லாம் குழந்தை முஷ்டி அளவுக்குத்தான். கடைக்காரர்கள் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். சாறு பிழியும் மில்லுக்கு வந்த விலைக்குத் தள்ளுவாள். உதிர்ந்தது மானுக்கு.

“ஜெயிச்சவங்க பேப்பரை நீங்க கேட்டுப் பாக்கலாம். ஏழாவது குறிப்பு,” என்றாள் கார்லா.**

பார்த்தாள். ஒஹையோ மாநிலத்திலிருந்து வரும் ஒரு கம்பெனி. பழம் நூற்று முப்பத்தெட்டு எண்ணிக்கை. விலையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். மில்காரன் கொடுப்பதைப்போல் மூன்று மடங்கு.

“அடப்பாவிங்களா,” என்றாள், மெதுவாக.

* பெயர் ஏன் கார்லா என்று பிறகு சொல்கிறேன். காரணம் அவ்வளவு அழகான காரணம் இல்லை.

** தோற்றவர் ஜெயித்தவரின் காகிதங்களைக் கேட்டுப் படிக்கலாம். என் அறிவிப்பிலேயே விலைமதிப்புள்ள குறிப்பு இதுதான். பத்தொன்பது வருஷத்தில் கேட்டவர்களை எண்ண என் ஒரு கை போதும்.

3

அடுத்த வருஷம். மில் வசந்தத்திலேயே மூடிவிட்டது. ஜூன் மாதம் ஆலங்கட்டி விழுந்தது, பின்பக்கத்து வயலில் மட்டும், குறி பார்த்து அடித்த மாதிரி. பிஞ்சுகளில் எல்லாம் சின்னச் சின்னப் பள்ளம்.

ஆர்டிஸின் தம்பி வெஸ்லி தோட்டத்தில் பாதிப் பங்குக்காரன். கணக்கான ஆள், கெட்டவன் இல்லை. [இவனை வில்லனாக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மனசு வரவில்லை. அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.]

“மில்லும் போச்சு, ஆலங்கட்டியும் விழுந்துச்சு. இன்னும் என்னக்கா? இலை கொட்டினதும் மெஷின் வருது. நானூறையும் வேரோட எடுத்துட்டு சோயா போடறோம்.”

“பள்ளிக்கூடத்து டெண்டர் கெடச்சா?”

“கெடச்சா மெஷின்காரனை வர வேணாம்ங்கறேன். கெடைக்கலைன்னா நீ குறுக்க வந்து நிக்கக் கூடாது.”

“நிக்கலடா.”

அந்த மரங்கள் அவள் அப்பா நட்டது. அதை அவள் சொல்லவில்லை. வெஸ்லிக்கும் அவர்தானே அப்பா.

4

இந்தத் தடவை ஆர்டிஸ் பதினாலாம் பக்கத்தை நாலு முறை படித்தாள். அளவு சரி. தழும்பு? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. டெண்டர் விட்ட நாளிலிருந்து உறை பிரிக்கும் நாள்வரை விற்க வருகிறவர்களோடு அலுவலகத்தார் தனியாகப் பேசக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மளிகைக் கடையில் கார்லாவின் தலை தெரிந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

“கார்லா! ஏய் கார்லா! ஆலங்கட்டித் தழும்பு இருந்தா எடுப்பீங்களா மாட்டீங்களா?”

“எழுத்துல கேளுங்க ஆர்டிஸ்.”

“ஒரு வார்த்தைம்மா!”

“எழுத்துல.”

“சரி, வாயால வேணாம். தலையையாவது ஆட்டேன்.”

கார்லா உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கம்பம்போல நின்றாள்.

“ஏன், கழுத்து சுளுக்கிக்கிச்சா?” என்று கேட்டுவிட்டு ஆர்டிஸ் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள்.

எழுத்தில் கேட்பதில் ஒரு சங்கடம். கேள்வியும் பதிலும் எல்லாப் போட்டியாளருக்கும் போகும். ஒஹையோக்காரனுக்கும் போகும். தன் பழத்தில் தழும்பு என்று தானே ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி. இரண்டு நாள் தவித்தாள். மூன்றாம் நாள் ‘வருவது வரட்டும்’ என்று எழுதிப் போட்டுவிட்டாள்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. ‘இணைப்பு எண் ஒன்று. தோல் கிழியாத தழும்பு உள்ள பழங்கள் ஏற்கப்படும்.’ அதற்குக் கீழே ஒரு வரி: ‘இதைப் படித்தேன் என்று கையெழுத்திட்டு உங்கள் உறையோடு சேர்க்கவும்.’

“எடுத்துக்குறாங்கடா வெஸ்லி!” ஆர்டிஸ் அடுப்படியில் நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றினாள். அந்தத் தாளைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

உறை கட்டும்போது வெஸ்லி கேட்டான். “அந்தத் தாளையும் வைக்கணும்போல இருக்கே. கீழ கையெழுத்துக்குக் கோடு போட்டிருக்கான்.”

“அது மத்தவங்களுக்குடா. கேள்வி கேட்டதே நானு. என் கேள்விக்கு வந்த பதிலை நான் படிச்சேன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? பைத்தியக்காரத்தனமால்ல இருக்கு.”

வெஸ்லிக்கும் அது சரி என்றே பட்டது. எழுதிக்கொண்டிருக்கும் எனக்கும், சத்தியமாகச் சொல்கிறேன், இந்த இடத்தில் அவள் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது.

5

ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டு மணி. கூட்ட அறை. சுவர்க் கடிகாரம் சொல்வதுதான் நேரம். மேஜைமேல் இரண்டே உறைகள். நாற்காலியில் இரண்டே பேர். ஆர்டிஸ், தேவாலயத்துக்குப் போகும் நீலச் சட்டையில். ஒஹையோக் கம்பெனியின் ரஸ் பெல்லமி, ஐந்து மணி நேரம் காரோட்டி வந்த களைப்பில். தங்கமான மனுஷன். போன வருஷம் தோற்ற ஆர்டிஸுக்குக் கதவைத் திறந்து பிடித்தவன்.

முதல் உறை ரஸ்ஸுடையது. விலை வாசித்தாயிற்று. எல்லாத் தாளும் இருந்தன. எல்லாக் கோட்டிலும் கையெழுத்து.

இரண்டாவது உறையைக் கார்லா பிரித்தாள். விலை குறைவு. நன்றாகவே குறைவு. தாள்களைப் புரட்டினாள். இன்னொரு தடவை புரட்டினாள். கார்லாவின் கை

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. கார்லாவுக்குக் கை கிடையாது. கார்லா என்று யாரும் இல்லை. பிரித்தது நான், சுகந்தி. பட்டாணிப் பொட்டலத்தோடு நின்றவளும் நான்தான். இந்த நிமிஷம் வரும் என்று தெரிந்துதான், வரும்போது வேறு ஒருத்தி தலையில் கட்டிவிடலாமே என்று கார்லாவை உண்டாக்கினேன். வெட்கமாக இருக்கிறது. அவளை இங்கேயே அனுப்பிவிடுகிறேன்.]

இணைப்பு எண் ஒன்று இல்லை. அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது தெரியாது.

“என்னம்மா சுகந்தி, முழிக்கிற? வாசி,” என்றாள் ஆர்டிஸ். சிரித்துக்கொண்டிருந்தாள். ரஸ்ஸின் விலை காதில் விழுந்ததுமே அவளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. நானூறு மரமும் தப்பித்துவிட்டன என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

என் அறிவிப்பின் பத்தாவது குறிப்பு: கேட்ட தாளில் ஒன்று குறைந்தாலும் தள்ளுபடி. பதினோராவது: சிறு குறைகளைப் பொறுத்துக்கொள்ள அலுவலகத்துக்கு உரிமை உண்டு. இரண்டையும் எழுதியது இந்தக் கைதான். அடுத்தடுத்து எழுதினேன். எது சிறு குறை என்று மட்டும் எழுதவில்லை.

முடிவு அ. தள்ளுகிறேன். ரஸ் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். ஒழுங்காக இருந்ததற்கு அவனுக்குத் தண்டனையா? இலை கொட்டியதும் மெஷின் வருகிறது.

முடிவு ஆ. பொறுத்துக்கொள்கிறேன். கேள்வி கேட்டவளுக்குப் பதில் தெரியாதா என்ன? ஆனால் அவளை எனக்குப் பிடிக்கும். மளிகைக் கடையில் என் கழுத்தைக் கிண்டல் செய்கிறவள். அவளைப் பிடிக்காமல் இருந்திருந்தால் இதே குறை சிறு குறையாகத் தெரிந்திருக்குமா?

முடிவு இ. விஷயம் தெரிந்து ஆர்டிஸ் வீட்டுக்கு ஓடுகிறாள், குளிர்பெட்டிக் கதவிலிருந்து தாளைப் பிய்த்துக்கொண்டு மூச்சிரைக்க — இல்லை. இரண்டு மணிக்கு மேல் வந்த எதையும் வாங்கமாட்டோம். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

6

அரை நிமிஷம் எடுத்துக்கொண்டேன். பிறகு முடிவு செய்தேன், உரக்கச் சொன்னேன், காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருவரில் ஒருவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். மற்றவர் கதவைத் திறந்து பிடித்தார். இன்றைக்கு அதே உறையைக் கொண்டுவந்து வைத்தாலும் அதேதான் செய்வேன்.

என்ன செய்தேன் என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொல்லவும் அவசியமில்லை. அது அரசாங்கக் காகிதம். யார் வேண்டுமானாலும் எழுதிக் கேட்கலாம். கேட்டால் ஐந்து வேலை நாளில் பதில் சொல்லியாக வேண்டும். கடைசித் தாளின் அடியில் என் பெயர் இருக்கும். பார்த்துவிட்டு என்னைத் திட்டுங்கள், மெச்சுங்கள், உங்கள் பாடு.

ஒரே ஒரு நிபந்தனை. பார்ப்பதற்கு முன்னால் என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். எதிரே நீலச் சட்டை, பக்கத்தில் ஐந்து மணி நேரம் காரோட்டி வந்தவன், தலைக்குமேல் கடிகாரம். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள்.

கையெழுத்துப் போட மறக்காதீர்கள்.