வடக்கு நிலையின் இடுக்கு

பத்தமடையில் தன்னைப்போலப் பட்டுப்பாய் நெய்ய ஆளில்லை என்று ஆபிதா பீவி தானே சொல்லிக்கொள்வாள். மறுத்துப் பேச ஆளில்லாததால் நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். அப்பேர்ப்பட்டவள் நெய்த பாய் ஒன்று போன ஐப்பசியில் ஓரமெல்லாம் கரும்புள்ளி விழுந்து, வியாபாரி நூர்முகம்மதுவின் கையிலிருந்து திரும்பி வந்தது. இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

குற்றவாளி வடக்குவாசல் நிலைதான். வீடு கட்டியபோது, நோன்பு பிறப்பதற்குள் நிலை வைத்துவிட வேண்டும் என்று வீட்டாருக்கு ஒரே அவசரம். ஈரம் காயாத மருத மரத்தை இழைத்து நிறுத்திவிட்டார்கள். இரண்டு கோடை வெயிலில் மரம் வற்றியது. நிலைக்கும் செங்கலுக்கும் நடுவே சுட்டுவிரல் நுழைகிற இடுக்கு விழுந்தது. வாடைக்காற்று மழையை அதன் வழியாகத் தறியின்மேல் கொண்டுவந்து தெளித்தது. வெளிச்சத்துக்காகக் கதவோரம் போட்ட தறி அது. தரையில் முளையடித்துப் பாவு நூலைக் கட்டிவிட்டால், பாயை அறுக்கும்வரை நகர்த்த முடியாது.

இந்த வருஷம் தச்சநல்லூர்க் கல்யாணம் ஒன்றுக்கு, பாயில் பெண் மாப்பிள்ளை பெயரை நெய்து தரவேண்டும் என்று நூர்முகம்மது மறுபடியும் வந்தார். இதிலும் புள்ளி விழுந்தால் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் மிதிக்காத வாசலை வேறெந்த வியாபாரியும் மிதிக்க மாட்டான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கொத்தனார் முப்பிடாதி மூன்று தடவை வந்து சுண்ணாம்பு அடைத்தார். கருப்பட்டித் தண்ணீர் விட்டு அரைத்த நல்ல சுண்ணாம்புதான். மூன்று தடவையும் ஒரு மாதத்தில் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

ஒருநாள், ஊறப்போட்ட கோரையை ஆற்றிலிருந்து எடுத்துவந்தபோது ஆபிதாவுக்குப் புத்தியில் தட்டியது. நூல் மாதிரிக் கிழித்த கோரை தண்ணீர் குடித்து மூன்று பங்கு பருத்திருந்தது. இந்தச் சனியனை வைத்துக்கொண்டா இத்தனை நாள் சுண்ணாம்பைக் கட்டி அழுதோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாளே முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போய் நின்றாள். பழைய சுண்ணாம்பை உளியால் சுரண்டி, தூசியைத் துடைத்தாள். கோரை கிழித்ததில் மிஞ்சிய சிம்பை முறுக்கித் திரியாக்கி, மரக்கட்டையால் இடுக்கில் இறுக்கி இறுக்கித் தட்டினாள். அதன்மேல் ஆமணக்கெண்ணெயில் குழைத்த சுண்ணாம்பைப் பூசினாள். புருஷன் அசன் மைதீன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மேலே போகாதே, போகாதே என்று அவளிடம் சொல்வதும் நடுநடுவே அல்லாவைக் கூப்பிடுவதுமாக இருந்தான்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தும் முன்பே முப்பிடாதி வந்துவிட்டார்.

"சுண்ணாம்பே நிக்கல, சிம்பா வே நிக்கப்போவுது?" என்றார் அசன் மைதீனிடம்.

ஆபிதா கதவுக்குப் பின்னால் நின்றே பதில் சொன்னாள். "மரம் பச்சை. அது சுருங்குதப்போ சுண்ணாம்பு எங்கன கூட வரும்?"

ஐப்பசி இருபதாம் தேதி வாடை ஊளையிட்டுக்கொண்டு வந்தது. வெளிப்பூச்சில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் விழுந்திருந்ததைக் காலையிலேயே பார்த்துவிட்டதால், அவள் நிலைமேல் ஒரு கண் வைத்தபடியே தறிமுன் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை பெயரில் இன்னும் இரண்டு எழுத்து பாக்கி. முதல் சாரல் நிலையில் அடித்தபோது ஒரு துளி உள்ளே எட்டிப் பார்த்தது. இன்னொன்று வந்தது. அப்புறம் வரவில்லை. கோரை தண்ணீர் குடித்துப் பருத்துவிட்டது. மழை நாலு நாள் விடாமல் பெய்தது. ஆபிதா இடுக்கில் விரலை வைத்துப் பார்ப்பதும், உலர்ந்த விரலைப் புருஷனுக்குக் காட்டுவதுமாக இருந்தாள். சந்தோஷத்தில் அவள் சத்தமாகவே சிரித்தாள்.

நூர்முகம்மது வந்து பாயை ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தார். புள்ளி ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த கல்யாணப் பாய்க்கும் பெயர் சொல்லிவிட்டே எழுந்தார்.

அவர் போன மறுநாள் யாரோ கதவைத் தட்டினார்கள். ஆபிதா லேசாகத் திறந்தாள். நனைந்த தலைப்பாகையோடு முப்பிடாதி நின்றார்.

"எவ்வளவு நேரமா வெளிய நின்னு கேக்கேன்! வீரவநல்லூர்ல ஒரு நிலை இதேமாரி கெடக்கு. ரெண்டு கூடை சிம்பு தாரியளா?"

"இன்னொருக்க சொல்லுங்க கொத்தனாரே," என்றாள் ஆபிதா பீவி. "கதவு சாத்தியிருந்துச்சி. இப்பல்லாம் வெளிய பேசுதது உள்ள கேக்கமாட்டேங்கு."