அழிந்த முத்திரை

காத்தாயி ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாகப் புதுக்கோட்டை பஸ்ஸில் தொற்றி நின்றாள். தோளில் மகள் அமராவதி துவண்டு கிடந்தாள். விடியற்காலையில் காய்ச்சல் மண்டைக்கேறிப் பிள்ளைக்கு வெட்டு வந்து, கை கால் இழுத்துக்கொண்டது. இங்கே வைத்திருந்தால் தங்காது, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போ என்று நர்சம்மா சொல்லிவிட்டாள்.

கண்டக்டர் உமர் பாரூக் அவள் நீட்டிய அட்டை வில்லைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முத்திரையே தெரியலையே ஆத்தா. இத வாங்கி நான் யாருகிட்ட நீட்டுறது?"

எண்ணெயில் பொரித்த அப்பளம் மாதிரி இருக்கிறதென்று உள்ளேயிருந்து ஒருவன் சிரித்தான்.

பாகிஸ்தான் சண்டை தொடங்கியதிலிருந்து ஆலங்குடியில் சில்லறை கண்ணில் படவில்லை. முந்திரிக் கொட்டகை முதலாளி சோலையப்பன் கூலிக்கு வில்லைதான் கொடுத்தார். ஊதா மையில் அவர் கடை முத்திரை. டீக்கடையிலும் பஸ்ஸிலும் வாங்கிக்கொண்டு, சேர்த்து வைத்து அவரிடமே நோட்டாக மாற்றினார்கள்.

காத்தாயி அங்கே கொட்டை உடைக்கிறவள். எவ்வளவு சாம்பல் பூசினாலும் கொட்டைத் தோட்டில் கசியும் எண்ணெய் பட்டு விரல் பொத்துப்போகும். நேற்று பிள்ளை நினைப்பில், கையைக் கழுவாமலே கூலியை முந்தானையில் முடிந்துவிட்டாள். விடிவதற்குள் எண்ணெய் ஊறி மையைத் தின்றுவிட்டது.

டிரைவரை நிறுத்திவைப்பதாகவும், ஓடிப்போய் மாற்றி வரும்படியும் கண்டக்டர் சொன்னார். சோலையப்பன் கடை எதிரேதான். கணக்குப்பிள்ளை நாகராசு கல்லாவுக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார். அவள் மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்டார், கையை நீட்டவில்லை.

"இது எங்க அட்டதான்னு எப்புடி நம்புறது?"

"நேத்து ஒங்க கையாலதானே அய்யா குடுத்தீங்க."

"ஆயிரம் பேருக்குக் குடுக்குறேன். மொதலாளி ஆவுடையார்கோவில் போயிருக்காக. அந்திக்கு வந்து கேளு."

அடுத்த வாரக் கூலியில் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினாள். முதலாளி சொல்லாமல் கல்லாவில் கை வைக்க முடியாதென்றார். பஸ் ஹாரன் விடாமல் அடித்தது. காத்தாயி வில்லைகளைக் கல்லாப்பெட்டிமேல் பரப்பி, ஒருதரம் நன்றாகப் பார்க்கச் சொன்னாள்.

"ஏய், இங்கிட்டு வைக்காத. கையி பொத்துப்போயிரும்."

நாகராசு அளவுகோலை எடுத்தார். விரல் படாமல் ஒவ்வொரு வில்லையாக ஓரத்துக்குத் தள்ளினார். வெளியே பஸ் நகர்ந்தது. பிள்ளையின் தலை சரிந்துவிடாமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டு, விழுந்த வில்லைகளைக் காத்தாயி குனிந்து குனிந்து பொறுக்கினாள்.