தேயாத செருப்பு

கடைத்தெருவில் அவருக்கு அங்குலம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, முதலாளி என்பார்கள். முதுகுக்குப் பின்னால்தான் அங்குலம். கடைக்குள் யார் நுழைந்தாலும் முகத்தைப் பார்க்கும் முன் பாதத்தைப் பார்ப்பார். "உங்களுக்கு இடது பாதம் அரை அங்குலம் பெரிசு, தெரியுமா?" என்பார். வந்தவர் வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் பாதங்களைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொள்வார்.

மூன்று தலைமுறையாகக் காலணி விற்ற குடும்பம் அது. அந்தக் குடும்பத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ குடித்து முடித்ததும், வாசல் அடுக்கில் இருக்கும் எல்லாருடைய செருப்புகளையும் எடுத்து, செய்தித்தாளை விரித்து, அதன் மேல் குப்புறக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். குதிகால் சாய்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, எந்தப் பக்கம் தேய்கிறது என்று பார்த்து, அன்றைக்கே சரிசெய்து வைத்துவிட வேண்டும். அவருடைய அப்பா செய்தார், அவரும் செய்தார். பிள்ளைகள் வீட்டில் இருந்த காலத்தில் செருப்பின் அடியைப் பார்த்தே, "நீ இந்த வாரம் பள்ளிக்கூடத்துக்கு நடக்கவே இல்லை. யார் சைக்கிள்ல தொத்திக்கிட்டுப் போனே?" என்று பிடித்துவிடுவார். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் வேலை தேடிக்கொண்ட பிறகு அடுக்கில் மிஞ்சியது இரண்டே ஜோடி. அப்படியும் ஒரு ஞாயிறு தவறியதில்லை.

அந்த இரண்டில் ஒன்று அவர் மனைவியுடையது. அவளுக்குப் பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை. கடைசி இரண்டு வருஷத்தில் அது பாதத்துக்கு இறங்கிவிட்டது. படுத்தால் உள்ளங்கால் அடுப்பாய் எரியும், தூக்கம் கிட்டேயே வராது. விடிந்து எழுந்தால் அதே பாதம் மரக்கட்டையாய்க் கிடக்கும், ஊசி ஏறினாலும் தெரியாது. அவளுக்காகச் சமீபத்தில்தான் அவரே அளவெடுத்து, உள்ளே இரட்டை மெத்தை வைத்து, விரல்களை மூடினாற்போல ஒரு செருப்பு தைத்துக் கொடுத்திருந்தார்.

அப்படி இருக்கையில்தான் அவளுடைய தம்பி வந்தார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து, கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பதென்று முடிவு கட்டியிருந்தார்.

"உடம்பு பூரா கரண்ட் தேங்கிக் கிடக்கு அக்கா. ரப்பர் செருப்பைப் போட்டுக்கிட்டு நாம பூமியை விட்டுப் பிரிஞ்சுட்டோம். அதான் இத்தனை நோவு. தினம் அரை மணி நேரம் வெறுங்காலோட மண்ணுல நட. எரிச்சல் போகும், வீக்கம் வத்தும், ரத்தம் இளகி ஓடும். அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம் வரும்."

"செருப்புக் கடைக்காரன் வீட்டுல உக்காந்துக்கிட்டு, அவன் டீயைக் குடிச்சுக்கிட்டே, செருப்புதான் நோய்ங்கறே. உன் தைரியத்துக்கு இன்னொரு டீ குடுக்கலாம் மச்சான்" என்றார் அவர்.

"சிரிங்க மாமா. நான் படிச்சுட்டுத்தான் சொல்றேன்" என்று மைத்துனர் பையிலிருந்து ஒரு விரிப்பை எடுத்தார். அதன் மூலையிலிருந்து ஒரு ஒயர் நீண்டது. ஒயரைச் சுவரில் இருந்த பிளக்கில் சொருகி, விரிப்பின் மேல் படுத்துக்கொண்டால் மண்ணைத் தொட்டதற்குச் சமம் என்றார்.

"இதென்ன, உங்கக்காவை சார்ஜ் போடப் போறியா?"

"போடட்டுமே. காலையில நூறு சதவீதம் காட்டறேனா பாருங்க" என்றாள் அவள். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் மூன்று பேர் சேர்ந்து சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

விரிப்பு ஒன்றும் செய்யவில்லை. நான்காம் நாள் காலை, அவர் கடைக்குக் கிளம்பும்போது அவள் கேட்டாள்: "ஏங்க, பூங்காவுல கொஞ்ச நேரம் செருப்பில்லாம நடந்து பாக்கட்டுமா?"

சர்க்கரைக்காரர்கள் வீட்டுக்குள்ளேகூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று டாக்டரம்மா பலமுறை சொல்லியிருந்தார். அந்தக் காரணம் ஒன்றே போதும். உட்கார வைத்து அதைச் சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாள். ஆனால் அவர் வாயில் வந்தது வேறு.

"இந்த வீட்டுப் பொம்பளை செருப்பில்லாம நாலு பேர் முன்னாடி நடக்கறதா? எங்கப்பா பேரு என்ன ஆகும்? ஊருக்கெல்லாம் மாட்டி விட்டவன் பொண்டாட்டிக்கு ஒரு ஜோடி குடுக்கலையான்னு கேக்க மாட்டாங்களா?"

"எரியற கால் என்னுது. பேர் மட்டும் உங்களுது" என்றாள். சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. அவள் தினமும் காலையில் அவர் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு, "பூங்காவுக்குப் போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து முகம் வெளிச்சமாகத் திரும்பி வந்தாள். ஒரு வாரத்தில் தூக்கம் வந்துவிட்டது. அவர் எழுந்து, குளித்து, டீ போட்ட பிறகும் அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. "ரெட்டை மெத்தை வெச்சுத் தெச்சேன். ரெண்டு வருஷமா தூங்காதவ தூங்கறா" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். சிலர் அதைக் கேட்டு அதேபோல் ஒரு ஜோடி வேண்டும் என்றார்கள்.

அடுத்த ஞாயிறு செருப்புகளைக் கவிழ்த்தார்.

தினமும் ஒரு மணி நேரம் நடந்த செருப்பின் அடி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இந்த அடியில் வார்ப்பின் கோடுகள் தைத்த அன்று இருந்தது போலவே புத்தம் புதிதாக நின்றன. குதிகாலில் மட்டும் லேசான உரசல். வீட்டிலிருந்து பூங்கா வாசல் வரை போய்வந்த தேய்மானம், அவ்வளவுதான். உள்ளே மெத்தையில் ஐந்து விரல்களின் தடமும் செம்மண்ணாகப் பதிந்திருந்தது.

கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. எழுந்து போய்க் கேட்டுவிடலாம். கேட்டால், மனைவி தன்னை ஏமாற்றியதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். தூங்க வைத்தது தன் செருப்பு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டதே. தப்பு செய்தவள் அவள், அவளாக வந்து சொல்லட்டும் என்று நினைத்தார். செருப்பைத் துடைத்து அடுக்கில் வைத்துவிட்டார்.

அவள் சொல்லவில்லை. வீட்டில் பேச்சு குறைந்தது. சாப்பாடு ஆச்சா, கதவைச் சாத்தியாச்சா, அவ்வளவுதான் பேச்சு.

மறு ஞாயிறும் கவிழ்த்தார். அடி தேயவில்லை. இடது செருப்பின் உள்மெத்தையில், பெருவிரலுக்குக் கீழே, நகம் அளவுக்கு ஒரு பழுப்புக் கறை இருந்தது. சேறு என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொண்டார் என்பதுதான் சரி. ஐம்பது வருஷம் தோலோடு புழங்கியவருக்குச் சேறு காய்ந்தால் எப்படி இருக்கும், ரத்தம் காய்ந்தால் எப்படி இருக்கும் என்று தெரியாமல் இல்லை. அவள் வீட்டுக்குள் காலுறை போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தாள். "குளிருதா?" என்று கேட்டார். "ஆமா" என்றாள். சன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு அவர் செருப்புகளைக் கவிழ்க்கவில்லை. கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லி, டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அப்பா இறந்த வாரத்தில்கூடத் தவறாத வழக்கம் அன்றைக்குத் தவறியது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது அவள் அடுப்பங்கரைத் தரையில் சாய்ந்து கிடந்தாள். உடம்பு கொதித்தது. இடது காலுறையை உருவினார். அது பாதி தூரம் வந்து ஒட்டிக்கொண்டது. வாடை முகத்தில் அடித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா புண்ணைக் கிளறி, பயறளவு கண்ணாடிச் சில்லு ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டார். "எத்தனை நாளா இருக்கும்மா?"

"மூணு நாளாத்தான்."

"மூணு நாள் புண்ணு எலும்பு வரைக்கும் போகாது. வெறுங்காலோட எங்கேயாவது நடந்தீங்களா?"

அவள் ஒரு கணம் கணவரைப் பார்த்தாள். "இல்லை. வீட்டுல டம்ளர் உடைஞ்சுது" என்றாள்.

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். அவர் தட்டில் கிடந்த சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் எந்த டம்ளரும் உடையவில்லை. தன் பேருக்காகத்தான் அவள் பொய் சொல்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. புரிந்தும் தலையை ஆட்டினார்.

வெளியே கூட்டிப்போய் டாக்டரம்மா சொன்னார்: "முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும். ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா ஒரு விரலோட போயிருக்கும்."

அவர் மனசுக்குள் நாள்களை எண்ணினார். பழுப்புக் கறையைப் பார்த்து ஒன்பது நாள்.

"இந்த மண்ணுல நடக்கறது..." என்று ஆரம்பித்தார். "அதுல தூக்கம் வருமா டாக்டர்?"

"காலையில ஒரு மணி நேரம் நடந்தா யாருக்கும் தூக்கம் வரும். செருப்போட நடந்தாலும் வரும். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாத்தான்" என்றார்.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஓர் அம்மாள் வந்து நின்றாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. பூங்காவுக்கு எதிரே தையல் கடை வைத்திருப்பவள்.

"நீங்கதானே அவங்க வீட்டுக்காரர்? காலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கீங்களே, அதுலயே தெரிஞ்சுது. உங்களை மாதிரியே நடிச்சுக் காட்டுவாங்க. குனிஞ்சு, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, 'உங்களுக்கு அரை அங்குலம் பெரிசு'ன்னு. பூங்காவுல அவங்ககூட நடக்கற நாங்க நாலு பேரும் சிரிச்சு சிரிச்சு மண்ணுலயே உக்காந்துடுவோம். என்னமா பேசுவாங்க!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். பேசுவாளா? நாற்பத்திரண்டு வருஷத்தில் தன்னைப் போல அவள் நடித்து அவர் பார்த்ததில்லை.

"கண்ணாடி குத்தினது அவங்களுக்குத் தெரியவே இல்லை. பின்னால வந்த நான்தான் தடத்துல ரத்தத்தைப் பாத்தேன். வீட்டுல சொல்லுங்கம்மான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'சொன்னா அவர் சொன்னது சரின்னு ஆயிடும், நானே மருந்து வெச்சுக்கறேன்'னாங்க." தையல்கார அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாங்களாவது வந்து சொல்லியிருக்கணும்."

அன்றைக்கே இடது காலை எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் அவருடைய அக்கா வந்தாள். குடும்பத்தில் மூத்தவள், குரலை உயர்த்தாமலே ஆளைக் குனிய வைப்பவள். கட்டிலின் கால்மாட்டில் மைத்துனர் ஏற்கெனவே நின்றிருந்தார். மூன்று நாளில் பத்து வயசு கூடியிருந்தது அவருக்கு. தையல்கார அம்மாள் சொல்லி விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. வந்தவளைக் கண்டதும் உடைந்துபோய், "எல்லாம் என்னாலதான். மண்ணுல நடன்னு நான்தான் சொன்னேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு ஆரம்பித்தாள். "நல்லா இருக்கு. தம்பி வாயில வைத்தியம், அக்கா காலுல வேட்டு. கட்டின புருஷனுக்குத் தெரியாம திருட்டுத்தனமா போய் நடந்துட்டு, டம்ளர் உடைஞ்சுதுன்னு பொய் வேற. உன் பிடிவாதத்துக்கு என் தம்பி இப்ப உன்னைத் தூக்கிச் சுமக்கணும். அவனுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா ஒரு நாள் விட்டிருப்பானா?"

கட்டிலில் இருந்தவளின் கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்து தலையணையில் இறங்கியது. மைத்துனர் தரையைப் பார்த்தார்.

கணவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அப்பா பேர், வீட்டுப் பேர், தன் பேர் எல்லாம் பத்திரமாக நிற்கும். பழி முழுக்க அந்தக் கட்டிலிலேயே படுத்துக்கொள்ளும். வாழ்நாள் முழுக்க அப்படி வாய் மூடித்தான் அவர் மானத்தைக் காத்திருந்தார்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றார்.

"என்னடா தெரியும்?"

"அவ வெறுங்காலோட நடக்கறது தெரியும். செருப்பு தேயலை. பாத்தேன்." செருமிக்கொண்டு தொடர்ந்தார். "அடுத்த வாரம் உள்ள ரத்தம் இருந்துது. அதையும் பாத்தேன். அவளா வந்து சொல்லட்டும்னு இருந்துட்டேன். அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை, பாக்கணுமேன்னு பயந்து கடைக்கு ஓடிட்டேன். இவ மேலயும் பழி இல்லை, இவன் மேலயும் இல்லை."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். பெண்டாட்டியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறானோ என்று தம்பியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததும் பார்வையை விலக்கிக்கொண்டாள்.

மனைவி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"ரத்தத்தைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்தேன்."

"எனக்குத்தாங்க கால்ல உணர்ச்சி இல்லை" என்றாள் மெதுவாக.

பிறகு ஈரமான கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளுக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. போர்வை ஒரு பக்கமாகச் சரிந்து, கட்டுப்போட்ட இடம் வெளியே தெரிந்தது. அவர் கட்டிலை ஒட்டித்தான் நின்றிருந்தார், கைக்கெட்டும் தூரம். குனிந்து போர்வையைப் பற்றினார்.

"அண்ணி" என்று கூப்பிட்டாள் அவள், இத்தனை நேரம் தன்னை ஏசிக்கொண்டிருந்தவளை. "அந்தப் போர்வையைக் கொஞ்சம் நீங்க மூடி விடுங்க."

அக்கா எழுந்து வந்தாள். அவர் போர்வையை அவள் கையில் கொடுத்துவிட்டு, விலகி வழி விட்டார்.