ஆபீஸ் காலண்டரில் ஒரு வரி

ஜமுனாமரத்தூரில் சாமை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனிக்குக் கலைவாணிதான் மேனேஜர். போன மழையில் ஆபீஸ் கம்ப்யூட்டர் கெட்டுப்போய், வியாபாரிகள் அனுப்பியிருந்த மெயிலெல்லாம் அதோடு போயிற்று. அதன் பிறகுதான் வருடச் சந்தா கட்டி ஆபீஸ் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கினார்கள். கம்ப்யூட்டர், கலைவாணியின் போன், தலைவி சாந்தம்மாளின் டேப்லெட் எல்லாம் ஒரே கணக்கில் இணைந்திருந்தன. ஒன்றில் தேதி குறித்தால் மற்றவற்றிலும் வந்துவிடும். சாந்தம்மாளுக்குப் படிக்க வராது என்பதால், நினைவூட்டல் வரும்போது வாய்விட்டுப் படிக்கும்படி டேப்லெட்டில் கலைவாணியே அமைத்துக் கொடுத்திருந்தாள்.

அன்றைக்கு இயக்குநர் கூட்டம். சாமை உமி நீக்கும் மிஷின் அடிக்கடி நின்றுபோவதைப் பற்றிச் சின்னராசு குறைப்பட்டுக்கொண்டிருந்தார். மேஜை மேல் இருந்த டேப்லெட் அவர் பேச்சின் குறுக்கே பேசியது.

“நாளை காலை பத்து மணி. வேலூர் ஆஸ்பத்திரி. மார்புக் கட்டி, ஊசிப் பரிசோதனை.”

சின்னராசு பாதியில் நிறுத்தினார். மற்ற ஆண்கள் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். அது கலைவாணியின் தேதி. முந்தின வாரம் டாக்டர் தேதி சொன்னதும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் குறித்தது அவள்தான். அவசரத்தில் தன் காலண்டர் என்று நினைத்து ஆபீஸ் காலண்டரில் போட்டுவிட்டிருக்கிறாள். கட்டி இருப்பதை அதுவரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் கணவன் தனசேகரனுக்கும் தெரியாது.

சாந்தம்மாள் கலைவாணியின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு டேப்லெட்டை இழுத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

“என்னுதுதான். நாளைக்குப் போவணும். மறந்துடுவேன்னு கலைகிட்ட சொல்லிப் போட்டு வெச்சேன்,” என்றாள். “நீ சொல்லு சின்னராசு, மிஷினுக்கு இன்னா?”

கூட்டம் சீக்கிரமே முடிந்துவிட்டது. எல்லோரும் போன பிறகு கலைவாணி எழுந்திருக்கவில்லை.

“ஏங்கா அப்டி சொன்னீங்க? ஊரே பேசும்.”

“பேசட்டும். உன் மூஞ்சி போன போக்குக்கு நான் வேற இன்னா சொல்றது?” சாந்தம்மாள் அருகில் வந்து உட்கார்ந்தாள். “யார் வர்றாங்க கூட?”

“யாருமில்ல.”

“அப்ப நான் வர்றேன்.”

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் மலையை விட்டு வேலூருக்கு இறங்கினார்கள். வழியில் சாந்தம்மாள் கட்டியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. புளி இந்த வருடம் காய்க்காததைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அறைக்கு வெளியே கலைவாணியின் பையையும் செருப்பையும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

சாயங்காலம் ஜமுனாமரத்தூரில் பஸ் நின்றபோது சாந்தம்மாளின் கணவன் வேடியப்பன் அங்கே நின்றிருந்தான். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தான். அது அவனுக்கே தெரிந்திருக்காது. நிலத்தில் இருந்தவனிடம் சின்னராசு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். மத்தியானத்திலிருந்து ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்றான் மனைவியிடம்.

சாந்தம்மாள் வாயைத் திறப்பதற்குள் கலைவாணி முன்னால் வந்தாள்.

“அண்ணா, அக்காவுக்கு ஒண்ணுமில்லங்க. கட்டி எனக்கு. என் மானம் போவக் கூடாதுன்னு அக்கா தன்மேல போட்டுக்கினாங்க.”

வேடியப்பன் அப்படியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். பெரிய மூச்சு ஒன்று அவனிடமிருந்து வெளியே வந்தது. முகம் தெளிந்தது. அடுத்த கணமே கலைவாணி எதிரில் நிற்பது உறைத்தவனாகத் தலையைக் குனிந்துகொண்டான்.

“தப்பா நெனச்சுக்காதம்மா,” என்றான்.

“இல்லீங்கண்ணா.”

“உங்க வூட்டுக்காரருக்குத் தெரியுமா?”

கலைவாணி இல்லை என்று தலையசைத்தாள். முடிவு தெரியாமல் சொல்லித் தனசேகரனை எதற்குக் கலங்க வைக்க வேண்டும் என்றுதான் இதுவரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்காக நின்றுநின்று கால் ஓய்ந்துபோன இந்த மனிதனைப் பார்த்தபோது, தனசேகரனிடமிருந்து தான் எடுத்துக்கொண்டது எது என்று புரிந்தது. பயப்படுகிற உரிமை அவனுக்கும் உண்டு. அது வேண்டாம் என்று அவனைக் கேட்காமலே அவள் முடிவு செய்திருந்தாள்.

சற்றுத் தள்ளிப்போய் போன் செய்தாள். சொல்லி முடிக்கும் வரை தனசேகரன் குறுக்கே பேசவில்லை.

“கட்டிய எப்ப பாத்த?”

“போன மாசம்.”

“போன மாசம்,” என்று அவன் திருப்பிச் சொன்னான். கோபம்தான். ஆனால் குரல் ஏறவில்லை. “பஸ் சத்தம் கேக்குது. தனியாவா நிக்கிற?”

“இல்ல. சாந்தம்மாக்கா இருக்காங்க. அவங்க வூட்டுக்காரரும்.”

“சரி, அவங்க கூடவே இரு. நான் கெளம்பி வர்றேன்.”

முடிவு வாங்க அவனும் அவளுமாகத்தான் போனார்கள். புற்றுக்கட்டிதான், ஆனால் ஆரம்ப நிலை, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். தனசேகரன் அதைத் திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டான். ஆபீஸில் கலைவாணி தானே எல்லோரிடமும் சொன்னாள். சின்னராசு மட்டும் சாந்தம்மாளிடம் போய், “எங்கிட்டயே பொய் சொன்னியே,” என்று வருத்தப்பட்டார்.

ஆபரேஷன் முடிந்து இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். முடி கொட்டிவிட்டது. முடிந்த நாட்களில் ஆபீஸ் வருகிறாள். மருந்து ஏற்ற வேலூர் போய்வரும்போது மலைப்பாதை வளைவுகளில் குமட்டுவதால், பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற ஸீட்டை அவளுக்கு விட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் தனசேகரன் தண்ணீர் பாட்டிலை மூடாமல் கையிலேயே பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான்.