எல்சிக்கு ஒரு தயிர் சாதம்

திருச்சியில் விமானம் இறங்கி, வீடு வந்து, குளித்துவிட்டுக் கட்டிலில் சாயப்போன எல்சியை அவள் கணவர் குழந்தைராஜ் படுக்கவிடவில்லை.

"இன்னைக்கு வீட்ல அடுப்பு கிடையாது. கெளம்பு, வெளியில சாப்பிடுறோம்" என்றார்.

தஞ்சாவூர் பைபாஸில் 'அலைவாசல்' என்று ஒரு மீன் ஓட்டல் புதிதாக வந்திருந்தது. சென்னையில் தொடங்கி ஊர் ஊராகக் கிளை போட்டு வந்தவர்கள். மகள் சான்ட்ரா போனிலேயே மேஜை பிடித்து வைத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு எல்சிக்கு மறுக்க மனம் வரவில்லை. ஈரத் தலையை அள்ளி முடிந்துகொண்டு மறுபடியும் காரில் ஏறினாள்.

எல்சி மஸ்கட்டில் நர்ஸ். அவள் முதன்முதலில் புறப்பட்டபோது சான்ட்ராவுக்கு மூன்று வயது. இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டாள். ஒரத்தநாட்டில் மோட்டார் பம்புசெட் கடை வைத்திருக்கும் குழந்தைராஜ்தான் பிள்ளையைக் குளிப்பாட்டி, தலை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை எல்சி வருவாள், விருந்தாளி மாதிரி ஒரு மாதம் இருப்பாள், போய்விடுவாள். இந்தத் தடவை அவள் லீவில் வரவில்லை. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பயம் என்று சொல்ல முடியாது. சொன்னால் வரிசையாகக் கேள்வி வரும். பதில் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை.

ஓட்டல் வாசலில் ஐஸ்கட்டி மேல் வஞ்சிரமும் சங்கராவும் வாய் பிளந்து கிடந்தன. உள்ளே சுவரெல்லாம் நைலான் வலை. ஏசிக் குளிர் ஆபரேஷன் தியேட்டரை நினைவுபடுத்தியது. உட்கார்ந்ததும் எல்சிக்குக் கொட்டாவி வந்தது.

"நீங்க எதுவும் பாக்க வேணாம்மா. உங்களுக்குப் பிடிச்சதா அப்பா அப்பவே சொல்லிட்டாரு" என்றாள் சான்ட்ரா. அப்பாவிடம் திரும்பி, "நீ சோடா குடிக்கிறியா?" என்று கேட்டாள்.

அப்பா 'நீ', அம்மா 'நீங்க'. எல்சி அதைக் கேட்காத மாதிரித் தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

தட்டுகள் வந்தன. இறால் வறுவல், இறால் தொக்கு, இறால் பிரியாணி. குழந்தைராஜ் பெரிய இறாலாகப் பார்த்துப் பொறுக்கி அவள் தட்டில் வைத்தார்.

"எனக்கு இறால் ஆகாதுங்க" என்றாள் எல்சி.

"என்னது? தரங்கம்பாடிக்குப் போனா வேற எதையும் தொட மாட்டியே!"

"போன வருஷம் தின்னுட்டு மூஞ்சியெல்லாம் வீங்கிப் போச்சு. மூச்சு விட முடியல. எங்க ஆஸ்பத்திரியிலேயே படுக்க வச்சிருந்தாங்க."

குழந்தைராஜின் கை தட்டின் மேலேயே நின்றது. "ஒரு வார்த்தை சொல்லலியே?"

"சரியாயிடுச்சுல்ல. பொறவு எதுக்கு அதைச் சொல்லிக்கிட்டு."

சான்ட்ரா பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாள். முப்பது வயது மதிக்கத்தக்கவர். தமிழ் தட்டுத் தடுமாறியது. எல்சி அவரிடம் இந்தியில் பேசினாள். மீன் வறுக்கிற எண்ணெயும் இறால் வறுக்கிற எண்ணெயும் ஒன்றா என்று கேட்டாள். ஒரே சட்டிதான் என்றார் அவர். எந்த ஊர் என்று விசாரித்தாள். ஒடிசாவில் ஒரு கிராமம், கடைசியாக எப்போது போனோம் என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும் என்று சிரித்தார். எல்சியும் சிரித்தாள். கணவரும் மகளும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் இந்தி பேசி அவர்கள் கேட்டதில்லை.

"ஒரு தயிர் சாதம் சொல்லியிருக்கேன்" என்றாள்.

பிறகு குழந்தைராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, சான்ட்ராவைப் பெங்களூரில் சேர்ப்பது, வீட்டுக்கு மாடி எடுப்பது என்று ஆரம்பித்தார். "இன்னும் ஒரு நாலு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தியானா..."

"நான் திரும்பிப் போகலைங்க. வேலையை விட்டுட்டேன்."

எப்படிச் சொல்லலாம் என்று விமானத்தில் ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. இவ்வளவுதான் வந்தது.

குழந்தைராஜின் முகம் கறுத்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியா உனக்கு?"

"போறப்பக் கேட்டேன், 'போ'ன்னீங்க. வீட்டுக்கு வர்றதுக்குமாங்க கேக்கணும்?"

சண்டை போடும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. சண்டைக்கும் தெம்பு வேண்டும். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனார். கண்ணாடிக்கு அப்பால், வெயிலில், காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"அப்போ நான் எங்க படிக்கிறது?" என்று கேட்ட சான்ட்ரா, கேட்ட உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இங்கயே படி. தஞ்சாவூர்ல இல்லாத காலேஜா? நான் இங்க எதாவது கிளினிக்ல சேந்துக்குறேன். ஆனா இப்ப முடியாது சான்ட்ரா. முதல்ல கொஞ்ச நாளைக்குத் தூங்கணும் நான்."

மகளுக்குக் கோபமா, அழுகையா என்று எல்சிக்குப் பிடிபடவில்லை. அந்த முகத்தைப் படிக்க அவளுக்கு இன்னும் தெரியாது. சான்ட்ரா இறால் தட்டுகளை மேஜையின் அந்தப் பக்கத்துக்கு ஒவ்வொன்றாக நகர்த்திவிட்டு, "வாசனை பட்டாலும் ஆகாதா?" என்று கேட்டாள்.

"வாசனை ஒண்ணும் பண்ணாது. நீ சாப்பிடு."

தயிர் சாதம் வந்தபோது குழந்தைராஜும் வந்தார். முகம் கழுவியிருந்தார். தட்டைப் பார்க்காமல் சாப்பிட்டார். பாதியில், எல்சியைப் பார்க்காமலே கேட்டார்:

"வேற என்னென்ன ஆகாது உனக்கு?"

எல்சி யோசித்தாள். "வேற ஒண்ணும் இல்லைங்க. முதுகு வலி இருக்கு. ரொம்ப நேரம் நிக்க முடியல."

"ம்" என்றார். "மத்ததை நாளைக்குப் பேசிக்குவோம்."

கோபம் போகவில்லை என்று அந்தக் குரலில் தெரிந்தது. நாளை பேச்சு நீளும், நாத்தனார் வரைக்கும் போகும். போகட்டும் என்று சோற்றைப் பிசைந்தாள்.

திரும்பும்போது பின்சீட்டில் சாய்ந்தவள் மேம்பாலம் தாண்டுமுன் தூங்கிவிட்டாள். கார் வீட்டு வாசலில் நின்றதும் அரைகுறையாக விழிப்பு வந்தது. "எழுப்பாதே" என்று குழந்தைராஜ் சொல்வது கேட்டது. காற்று வரக் கதவுகளைத் திறந்து வைத்தார்கள். இருவரில் யாரோ ஒருவர் அவள் காலிலிருந்து செருப்பைக் கழற்றினார். யார் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை.